மந்திரித்த டிரம்ஸும் பேசாலை ஜாஸ் விழாவும்

முருங்கன் கத்தோலிக்கக் கோயில் அறிவித்தல் பலகையில் ஒரு துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. பேசாலையில் பெனோ மாஸ்டர் நினைவாக ஒருநாள் ஜாஸ் விழா, காலை 9.30க்கு ஆரம்பம், அனைவரும் வருக. அதை நம்பித்தான் சென்ற சனிக்கிழமை நானும் என் அக்கா ஸ்டெல்லாவும் புறப்பட்டோம். அடுத்த முறை இப்படி ஒரு விழாவுக்குப் போக நினைப்பவர்கள் இதை முழுவதும் வாசித்துவிட்டு முடிவெடுங்கள். அன்று டிரம்ஸின் முதல் அடி என் காதில் விழுந்தபோது நேரம் மாலை 4.12. நான் மணிக்கூடு கட்டியிருந்தேன், தவறுக்கு இடமில்லை.

பெனோ மாஸ்டரைத் தெரியாதவர்களுக்கு: அவர் பேசாலைக்காரர். இளம் வயதில் கொழும்புக்குப் போய், ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் முப்பது வருடம் ஜாஸ் டிரம்ஸ் வாசித்தவர். பிறகு தன் டிரம்ஸோடு ஊருக்கே திரும்பி வந்து, இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோனார். டிரம்ஸ் வாசிக்கிறவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எழும்பி நின்றுதான் பேசுவார்கள். அக்காவும் அப்படித்தான். ஜாஸ் என்றால் என்ன என்று எனக்குப் பாடசாலை நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் வாசித்த அளவுதான் தெரியும். அக்கா அதைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, முருங்கன் கோயில் பாடகர் குழுவின் டிரம்ஸில் வாசித்துப் பழகியவள்.

நாங்கள் போனதற்கு உண்மையான காரணம் பிரசுரத்தின் கடைசி இரண்டு வரிகள். கொழும்பிலிருந்து வரும் மூவர் குழுவில் பியானோ, சாக்ஸபோன், பேஸ் கிற்றார் உண்டு, டிரம்ஸ் இல்லை. பெயர் கொடுத்த இளையவர்களை மாஸ்டரின் டிரம்ஸிலேயே வாசிக்கச் செய்து, ஒருவரைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். கீரியிலிருந்து அன்ரன் என்ற அண்ணா, மற்றது என் அக்கா.

அக்காவுக்கு இருபது வயது. திங்கட்கிழமை கட்டுநாயக்காவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். அப்பா கூலி வேலை. மூன்று போகமாக வயலில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "போயிட்டு வா. அவங்க சேத்துக்கிட்டா பேசுவோம். இல்லாட்டி இந்த டமடம பேச்ச இத்தோட விட்டுறணும்." அக்கா "சரிங்கம்மா" என்றாள். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசினால் பயந்துபோயிருக்கிறாள் என்று அர்த்தம்.

எங்கள் வீடு முருங்கனிலிருந்து நான்கு கிலோமீற்றர் உள்ளே. காலை 6.00க்கு ஓட்டோவில் புறப்பட்டோம், 500 ரூபாய். 6.25க்கு வர வேண்டிய மன்னார் பஸ் 6.45க்கு வந்தது. ஏறத்தாழ 25 கிலோமீற்றர், ஒருவருக்கு 110 ரூபாய். 7.35க்கு மன்னார். தலைமன்னார் ரயில் பேசாலையிலும் நிற்கும், ஆனால் அதன் நேரம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. 8.00 மணிக்குப் பேசாலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். 17 கிலோமீற்றர், 80 ரூபாய்.

நடத்துநர் காசை வாங்கிக்கொண்டு எதற்குப் போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"ஜாஸோ? அது என்ன, கூத்தோ?"

"இல்லை, அது கறுப்பின மக்கள் அமெரிக்காவில் உருவாக்கிய இசை. வாசிக்கும்போதே புதிதாகக் கற்பனை செய்வார்கள்" என்று கலைக்களஞ்சியத்தில் உள்ளபடி சொன்னேன்.

"வாசிக்கேக்கதான் யோசிப்பினமோ? அப்ப எங்கட ட்ரைவர் பஸ் ஓட்டுற மாதிரி."

சாரதிக்கு அது கேட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து நாலு கழுதைகள் நடு வீதியில் நின்றன. அவர் எஞ்சினை நிறுத்தி, எங்களைத் திரும்பிப் பார்த்து, "இதுகளுக்கு லைசென்ஸ் இல்ல பிள்ளை, நான்தான் நிக்க வேணும்" என்றார். கழுதைகளுக்காக ஏழு நிமிடம் போனது. 8.45க்குப் பேசாலையில் இறங்கினோம்.

விழா கோயிலுக்குப் பக்கத்து வெளியில், தகரக் கொட்டகைக்குள். சோளகக் காற்று பலமாக வீசியதால் மணல் கதிரைகளின் மேலெல்லாம் படிந்திருந்தது. போகிறவர்கள் ஒரு துணி கொண்டு போங்கள். மேடையின் நடுவில் மாஸ்டரின் டிரம்ஸ் இருந்தது. கருஞ்சிவப்பு நிறம், பித்தளைத் தாளத் தட்டுகள். எல்லாவற்றுக்கும் செவ்வந்தி மாலை போட்டு, சின்ன டிரம்மின் மேலே ஒரு தட்டு வைத்து, அதில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். வருகிறவர்கள் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். மரியாதைக்குச் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

9.30க்கு விழா தொடங்கவில்லை. 10.20க்குக் கொட்டகை வாசலில் விளக்கேற்றினார்கள். ஏற்றினார்கள் என்பது சரியில்லை, முயன்றார்கள். சோளகக் காற்றில் ஐந்து திரியையும் ஒன்றாக எரிய வைக்க ஒன்றே முக்கால் நெருப்புப்பெட்டி முடிந்தது. பிறகு பேச்சுகள். நான் வரலாற்றுக் குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொரு பேச்சு, பதினொரு பொன்னாடை. ஒன்பது பேர் "நேரமின்மை காரணமாகச் சுருக்கமாகப் பேசுகிறேன்" என்று தொடங்கினார்கள். விழா மலர் ஒன்று தந்தார்கள். அதில் பதினாறு ஆசிச்செய்தி, ஐஸ் வியாபாரிகளின் விளம்பரம் எட்டுப் பக்கம், மாஸ்டரைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தில் அரைப் பக்கம் அவருடைய பூட்டனைப் பற்றியது.

11.50க்குக் கொழும்புக் குழு மேடை ஏறியது. பியானோ வாசிக்கும் எட்வின் அங்கிள்தான் தலைவர். காற்றுக்குத் தாள்கள் பறக்காமல் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை மாட்டினார். "முதல்ல அன்ரன்" என்று கூப்பிட்டார். அன்ரன் அண்ணா மேடைக்குப் போய் மாலையைத் தூக்கக் கை வைத்ததும், விழாக்குழுத் தலைவர் சூசை சம்மாட்டியார் கீழே இருந்து பாய்ந்து வந்தார். அவருக்கு நாலு வள்ளம் சொந்தம், விழாவும் அவருடைய உழைப்புத்தான்.

"தம்பி, தொடாதேங்கோ! அது மந்திரிச்ச சாமான்."

காலையில் ஏழு மணிப் பூசை முடிந்ததும் சம்மாட்டியார் ஃபாதரைக் கூட்டிவந்து, டிரம்ஸுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் செய்திருக்கிறார். புது வள்ளம் இறக்கினால், புது வலை வாங்கினால் செய்வது போல. நல்ல எண்ணத்தில்தான் செய்தார். செய்த பிறகுதான் அவருக்கு யோசனை வந்திருக்கிறது: மந்திரித்த பொருளில் டான்ஸ் பாட்டு வாசிக்கலாமா?

"அப்ப நாங்கள் என்ன வாசிக்கிறது?" என்று எட்வின் அங்கிள் கேட்டார்.

"ஜாஸ்தான் வாசியுங்கோ. ஆனா இந்த டிரம்ஸைத் தொடாமல் வாசியுங்கோ."

"இது டிரம்ஸ் வாசிச்ச ஒரு மனுசனுக்கான விழா."

"ஓம், அதாலதான் அதை மேடையில வச்சு மரியாதை செய்யிறம்."

மந்திரித்த ஃபாதரிடமே கேட்கலாம் என்றால், அவர் தலைமன்னாரில் ஒரு கலியாணப் பூசைக்குப் போய்விட்டார், தொலைபேசியையும் நிறுத்தி வைத்திருந்தார். அரை மணித்தியாலம் விவாதம். கடைசியில் ஓலைத்தொடுவாயில் வேறொரு டிரம்ஸ் இருக்கிறது, அதை எடுப்பிக்கலாம் என்று முடிவானது. "இந்தா, அரை மணித்தியாலத்தில வந்திடும்" என்றார் சம்மாட்டியார். அது ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் 2.20க்கு வந்து சேர்ந்தது. பெரிய டிரம்மை அடிக்கும் கால் மிதியைக் காணவில்லை. மாஸ்டரின் மிதியும் மந்திரித்தது, அதைக் கழற்ற முடியாது. அது பாடகர் குழுத் தலைவரின் வீட்டு அலுமாரியில் இருக்கிறதாம், அலுமாரித் திறப்பு அவரிடம் இருக்கிறதாம், அவர் மன்னாருக்குப் போயிருக்கிறாராம்.

இடையில் மதியச் சாப்பாடு தந்தார்கள். பாரை மீன் குழம்பும் சோறும், இலவசம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கோபமாக இருந்தும் நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு அன்ரன் அண்ணா எழும்பினார். "எனக்கு நாலு மணிக்கு வள்ளம் தள்ள வேணும். நீங்கள் இருந்து பாருங்கோ."

"கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்களேன்" என்றாள் அக்கா.

"நான் பொறுப்பன். என்ர சம்மாட்டி பொறுக்கமாட்டார். அவர் இவரிலும் மோசம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் போகும்போது இரண்டு முறை மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் கணக்கு இதுதான். பேசாலையில் 4.40 பஸ்ஸைப் பிடித்தால் மன்னாரில் 5.30 வவுனியா பஸ் கிடைக்கும், 6.30க்கு முருங்கன். இருட்டுவதற்குள் வீட்டில் இருப்போம் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தோம். கொழும்புக் குழு வந்த வானும் ஐந்து மணிக்குப் புறப்படுவதாக இருந்தது. சாக்ஸபோன்காரர் தன் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியேவிட்டார். அக்கா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "போலாமா?" என்று கேட்டேன். அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் போய்ச் சம்மாட்டியாரிடம், இது நியாயமில்லை, காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு வந்தோம் என்றேன்.

"எந்த ஊர் பிள்ளை?"

"முருங்கன்."

"கதைக்கிறதைப் பார்த்தா மலைநாட்டு ஆக்கள் மாதிரி இருக்கு."

"நான் முருங்கனில்தான் பிறந்தேன் ஐயா. பேச்சும் பிறந்த ஊரும் ஒன்றல்லவே."

"கோவிக்காதேங்கோ. நான் என்ன செய்யிறது? தீர்த்தம் தெளிச்சாச்சு. திருப்பி எடுக்கேலுமோ?"

3.40க்கு மாஸ்டரின் மகள் மெற்றில்டா அன்ரி வந்தார். கருவாட்டு வாடியில் வேலை செய்கிறவர். காலையில் பேச்சுகளின் போது கௌரவிக்கப்பட்டுவிட்டு, காயப்போட்ட மீனைப் பார்க்கப் போனவர், தோளில் அந்தப் பொன்னாடையோடே திரும்பி வந்தார். டிரம்ஸில் அப்போதும் இருந்த மாலையையும் மெழுகுதிரியையும் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"என்ன சூசையண்ணை, அப்பாவுக்கு இரண்டாந்தரம் அடக்கம் செய்யிறியளோ? இன்னும் ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

சம்மாட்டியார் விளக்கினார். அன்ரி முழுவதையும் கேட்டார்.

"உங்கட புது வள்ளத்தை மாசியில ஃபாதர் மந்திரிச்சவர்தானே?"

"ஓம்."

"மந்திரிச்ச பிறகு கடலுக்கு விட்டனீங்களோ, கோயில் வாசல்ல கட்டி மாலை போட்டு வச்சிருக்கிறீங்களோ?"

"அது தொழில், மெற்றில்டா."

"இது? என்னையும் தம்பியையும் அப்பா மீன் பிடிச்சோ வளர்த்தவர்? இதை அடிச்சு வளர்த்தவர். தொழில் நல்லா நடக்கட்டும் எண்டுதானே மந்திரிக்கிறது."

"எண்டாலும் டான்ஸ் பாட்டு..."

"உங்கட வள்ளத்துக்குள்ள உங்கட பெடியள் என்ன பாட்டுப் போடுறவங்கள் எண்டு மைக்கில சொல்லவோ?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. சம்மாட்டியாரும் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனாலும் தலைவர் அல்லவா, ஒரு நிபந்தனை வைத்தார். முதல் பாட்டு மாதா பாட்டாக இருக்க வேண்டும். "ஓம், ஓம், மாதா கோவிக்கமாட்டா" என்று அன்ரி மாலைகளைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். மெழுகுதிரித் தட்டையும் கொடுத்தார். மந்திரித்த டிரம்ஸில் கிடந்த மாலையை நிலத்தில் போடலாமா என்று சம்மாட்டியாருக்கு அடுத்த சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு முழு நேரமும் அவர் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு மேடையோரத்திலேயே நின்றார்.

அக்கா போய் உட்கார்ந்தாள். சின்ன டிரம்மின் தோலில் தட்டைத் தாண்டி மெழுகு வடிந்து இறுகியிருந்தது. அதைப் பெருவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தாள். கதிரையை இரண்டு முறை உயர்த்தினாள், ஒரு முறை இறக்கினாள். மேடை ஏறுவதற்கு முன் என்னிடம் சொல்லியிருந்தாள்: "நாலரைக்கு நீ கைய தூக்கு. நான் எந்திரிச்சு வந்துறேன். அம்மாகிட்ட சத்தியம் பண்ணிருக்கோம்." நான் முன் வரிசையில், அவள் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தேன்.

4.12க்கு மாதா பாட்டுத் தொடங்கியது. கோயிலில் வாசிப்பது போலவே வாசித்தாள், பயந்து பயந்து. சனமும் சேர்ந்து பாடியது. இரண்டாம் முறை பல்லவி வந்தபோது எட்வின் அங்கிளின் இடது கை வேறு எங்கோ நடக்கத் தொடங்கியது. அதே பாட்டுத்தான், ஆனால் கால் நொண்டுவது போல ஓர் ஆட்டம் அதற்குள் வந்துவிட்டது. அக்கா அரை நொடி தடுமாறினாள். பிறகு பித்தளைத் தட்டுக்குக் கை போனது. வீட்டில் சட்டி மூடியில் எத்தனையோ முறை கேட்டு நான் திட்டிய அதே தாளம், மாஸ்டரின் தட்டில் கேட்டபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பெட்டியைப் பூட்டியிருந்த சாக்ஸபோன்காரர் அவசரமாகத் திறந்து எழும்பி வந்தார். சனத்தைப் பார்த்து நின்றவர் கொஞ்ச நேரத்தில் முதுகைக் காட்டி, அக்காவைப் பார்த்து நின்று வாசிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது பாட்டு வேகமானது. அதில் அக்கா முன்னுக்கு ஓடிவிட்டாள், எனக்கே விளங்கியது. எட்வின் அங்கிள் ஒரு கையை மெதுவாகக் கீழே அமர்த்திக் காட்டினார். அவள் அடங்கினாள். பிறகு சாக்ஸபோன் ஒரு கேள்வி கேட்பது போலக் கொஞ்சம் வாசித்து நிறுத்த, அக்கா டிரம்ஸில் மறுமொழி சொன்னாள். அவர் அடுத்ததைக் கேட்டார். இவள் அதற்கும் சொன்னாள். கூட்டத்திலிருந்து யாரோ "விடாதை பிள்ளை!" என்று கத்தினார்கள்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். 4.31.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அன்று காலையிலிருந்து ஒவ்வொரு நிமிடத்தையும் எழுதி வைத்தவள். பதினொரு பேச்சையும் எண்ணியவள். விழா மலரை எடுத்து விரித்து, கையை அதற்குக் கீழே வைத்துக்கொண்டு, ஐஸ் விளம்பரத்தை வாசித்தேன். 4.43க்கு வீதியில் பஸ் ஹோர்ன் கேட்டது. அவள் மூன்றாவது பாட்டில் இருந்தாள். கொழும்பு வானும் ஐந்து மணிக்குப் புறப்படவில்லை.

முடிந்தபோது 5.20. எட்வின் அங்கிள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ரெண்டாவதுல ஓடிட்டீங்க."

"தெரியும் அங்கிள்."

"தெரிஞ்சா சரி. நாங்க வத்தளையில ஒரு வீட்டுலதான் ப்ராக்டிஸ் பண்ணுறது. ஞாயிறு ரெண்டு மணிக்கு. வர முடியுமா?"

திங்கட்கிழமை வேலை. இரண்டில் ஒன்றைத்தான் அவள் தேர்ந்தெடுக்க முடியும் என்று நான் கிழமைக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"கட்டுநாயக்காவுல இருந்து வத்தளைக்கு எவ்வளவு தூரம்?"

"இருபது கிலோமீற்றர் வரும். ஏன்?"

"நாளைக்கு முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமையில இருந்து வாறேன்" என்றாள்.

தூரம், கட்டணம், நேரம் எல்லாம் எழுதும் நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேயில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

திரும்பியது இப்படி: மெற்றில்டா அன்ரி ஒரு மீன் கூலர் வானில் எங்களை முன் ஆசனத்தில் ஏற்றிவிட்டார். சம்மாட்டியார் இரண்டு மாலைகளை அக்காவிடம் கொடுத்து, "இதைக் கண்ட இடத்தில போடாதேங்கோ, பிள்ளை" என்றார். அவருக்கும் அவற்றிலிருந்து விடுதலை வேண்டியிருந்தது. மன்னாரில் 6.40 கொழும்பு பஸ், 7.30க்கு முருங்கன். அப்பா சந்தியில் சைக்கிளோடு நின்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் முன்னே போக, நான்கு கிலோமீற்றரும் பின்னால் நடந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: துண்டுப் பிரசுரத்து நேரத்தோடு ஏழு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். இரவு தங்க முடிந்தால் தங்குங்கள், முடியாவிட்டால் திரும்பும் வழியை மாலை ஐந்து மணிக்குப் பிறகானதாகத் திட்டமிடுங்கள். தண்ணீர், துணி, வாசிக்க ஒரு புத்தகம் அவசியம். டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் கால் மிதியைக் கையோடு கொண்டு போங்கள். வாத்தியத்தை மந்திரிக்கும் விழாக்குழுவாக இருந்தால், மந்திரித்த ஃபாதரை விழா முடியும்வரை ஊரை விட்டுப் போக விடாதீர்கள்.

ஞாயிறு மாலை அக்காவின் பையை அடுக்கினோம். அக்கா நடந்ததை ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அம்மா "ம்" என்றதோடு சரி. பை நிரம்பிவிட்டது, டிரம் குச்சிகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, சிப்பைப் பூட்ட முடியவில்லை. அம்மா வந்து பார்த்தார். பையைத் திறந்து கையை உள்ளே விட்டார். நானும் அக்காவும் குச்சிகளையே பார்த்தோம். அம்மா தலையணையை இழுத்து வெளியே எடுத்தார்.

"இது எதுக்கு? அங்க குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, குச்சிகளைக் குறுக்காக உள்ளே வைத்து, சிப்பைப் பூட்டினார்.